லாக்ல எதுவும் இல்ல

1

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், பையை மாட்டிக்கொண்டு கிளம்பும் நேரத்தில் மேனேஜர் கூப்பிட்டார். “ஒரு சின்ன விஷயம். கடலூர் பக்கம் ஒரு ஏஜென்ட்டுக்கு இந்த மாசம் கணக்குல 6,450 ரூபாய் குறையுது. அவரு ‘நான் எடுக்கல, ஆப்தான் தப்பாக் காட்டுது’ன்னு சொல்றாரு. லாக்க மட்டும் ஒரு தடவ பாத்துடு.”

அப்போது நான் வேலை பார்த்த இடத்தில், கடைகளுக்குச் சிறு கடன் கொடுத்துத் தினத்தவணை வசூலிக்கும் ஒரு கம்பெனிக்கு மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ஏஜென்ட்டுகள் வண்டியில் கடை கடையாகப் போவார்கள். பணத்தை வாங்கி, கைபேசியில் இருக்கும் ஆப்பில் தொகையைப் போட்டு அழுத்தினால் எங்கள் சர்வரில் பதிவாகும். ராத்திரி ஆப் காட்டும் மொத்தமும் ஏஜென்ட் கட்டும் பணமும் ஒன்றாக இருக்க வேண்டும். குறைந்தால் அவர்தான் பொறுப்பு.

அந்த மாதத்தின் லாக் கோப்புகளைத் திறந்தேன். ஏஜென்ட்டின் எண்ணைப் போட்டுத் தேடினேன். ஒரு வரிகூட வரவில்லை. மொத்தமாகவே அந்த மாதம் எரர் என்று நாலைந்து வரிகள்தான் இருந்தன, அதுவும் வேறு எதற்கோ. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. “லாக்ல எதுவும் இல்ல சார். சிஸ்டம் சரியாத்தான் இருக்கு” என்று அனுப்பினேன். அவர் கட்டைவிரலை உயர்த்தும் பொம்மையை அனுப்பினார். நான் பஸ் பிடித்தேன்.

மூன்று வேறு வேறு நாட்கள், ஒரே கடை, ஒவ்வொரு தடவையும் 2,150 ரூபாய். அந்தக் கடைக்காரர் சில சமயம் இரண்டு தவணையைச் சேர்த்துக் கட்டுகிற வழக்கம் உள்ளவர். அதனால் ஒரே நாளில் இரண்டு பதிவுகள் இருந்ததை யாரும் வித்தியாசமாகப் பார்க்கவில்லை. கடைக்காரரைக் கேட்டபோது ஞாபகம் இல்லை என்றாராம். தொகையை இரண்டு மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். அதற்குப் பிறகு அந்த ஏஜென்ட் வேலையை விட்டுப் போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு அது ஒரு செய்தியாகக்கூடப் படவில்லை.

ஏழு மாதம் கழித்து சர்வரை மாற்றினோம். மாற்றும்போது லாக் அமைப்புகளை எழுதி வைத்திருந்த கோப்பு விடுபட்டுப்போனது. அதனால் லாக் அதன் இயல்பான நிலைக்கே திரும்பியிருந்தது. மறுநாள் காலையில் திரை முழுக்க ஒரே மாதிரியான வரிகள்: அதே ஏஜென்ட், அதே கடை, அதே தொகை, 50 விநாடி இடைவெளி, இரட்டைப் பதிவாக இருக்கலாம், ஏற்றுக்கொள்ளப்பட்டது.

கை சில்லிட்டுப் போனது. அந்த வரியை எழுதியவன் நான். அதை வாயை மூடச் சொன்னவனும் நான்.

2

நிரல் எழுதாதவர்களுக்காகக் கொஞ்சம் விளக்க வேண்டும். லாக் என்ற சொல் கடலிலிருந்து வந்தது. 16ஆம் நூற்றாண்டிலிருந்தே ஐரோப்பிய மாலுமிகள் ஒரு மரக்கட்டையைக் கயிற்றில் கட்டிக் கப்பலுக்குப் பின்னால் வீசுவார்கள். மணற்கடிகாரம் காலியாவதற்குள் கயிற்றில் எத்தனை முடிச்சுகள் கையைத் தாண்டிப் போகின்றன என்று எண்ணுவார்கள். அதுதான் கப்பலின் வேகம். நாட் என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அது இந்த முடிச்சுதான். அந்த எண்ணிக்கையை எழுதி வைத்த நோட்டு லாக் புத்தகம். கரை தெரியாத இடத்தில், இத்தனை நேரம் எங்கே வந்தோம் என்று திரும்பிப் பார்க்க மாலுமிக்கு இருந்த சாட்சி அது.

நிரலுக்கும் அதேதான். சர்வரில் ஓடும் நிரலை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. அது தான் செய்வதை அவ்வப்போது ஒரு வரியாக எழுதி வைக்கும். பிறகு ஏதாவது நடந்தால் அந்த வரிகளைப் படித்துத்தான் என்ன நடந்திருக்கும் என்று ஊகிக்கிறோம்.

எல்லா வரியும் ஒரே முக்கியத்துவம் உள்ளவை அல்ல. பைதான் மொழியில் 2003லிருந்து கூடவே வருகிற லாக்கிங் தொகுதியில் ஐந்து படிகள் உண்டு. டீபக் என்றால் 10: உள்ளே நடக்கிற சின்னச் சின்ன அசைவுகள். இன்ஃபோ 20: வழக்கமான நிகழ்ச்சிகள். வார்னிங் 30: நிற்கவில்லை, ஆனால் ஏதோ சரியில்லை. எரர் 40: ஒரு வேலை கெட்டது. கிரிட்டிக்கல் 50: எல்லாமே கெடப்போகிறது. நிரலை எழுதுகிறவர் ஒவ்வொரு வரிக்கும் ஒரு படியைக் கொடுக்கிறார். நிரலை ஓட்டுகிறவர், எந்தப் படியிலிருந்து மேலே உள்ளவற்றை எழுதினால் போதும் என்று அமைப்பில் சொல்கிறார். நாம் எதுவுமே சொல்லாவிட்டால் வார்னிங்கிலிருந்து எழுதும். அதற்குக் கீழே உள்ளவை சேமித்து வைக்கப்படுவதில்லை, எங்கோ ஒளிந்தும் இருப்பதில்லை. அந்தக் கணத்திலேயே இல்லாமல் போகின்றன.

எங்கள் இரட்டைப் பதிவுச் சமாசாரம் இதுதான். சிக்னல் பலவீனமான இடத்தில் ஏஜென்ட் பதிவை அனுப்புவார். சர்வர் அதை வாங்கிக்கொள்ளும். ஆனால் வாங்கிக்கொண்டேன் என்ற பதில் கைபேசிக்குப் போய்ச் சேராது. ஆப் தானாக மறுபடி அனுப்பும். சர்வர் அதையும் வாங்கிக்கொள்ளும். கடைக்காரர் கொடுத்தது ஒரு தவணை, கணக்கில் ஏறியது இரண்டு. இரண்டு தவணை சேர்த்துக் கட்டுகிறவர்களும் உண்டு என்பதால் நான் அதைத் தடுக்காமல், வார்னிங் படியில் ஒரு வரி மட்டும் எழுதும்படி செய்திருந்தேன். அப்போது அதைப் பொறுப்பான முடிவு என்றுகூட நினைத்தேன்.

பிறகு அந்த வரிகள் குவிய ஆரம்பித்தன. டிஸ்க் நிரம்பியது. மாதாமாதம் லாக் சேமிப்புக்கு வரும் பில்லைப் பார்த்து, “இவ்ளோ குப்பைய யார் படிக்கிறா?” என்று ஒரு மீட்டிங்கில் கேட்டார்கள். நியாயமான கேள்வி. யாரும் படிக்கவில்லை. நான் அமைப்புக் கோப்பில் வார்னிங் என்ற ஒரு சொல்லை அழித்து எரர் என்று மாற்றினேன். கூட வேலை செய்தவர் அரை நிமிஷத்தில் பார்த்து ஒப்புதல் கொடுத்தார். பில் குறைந்தது. பாராட்டினார்கள்.

ஒரே ஒரு சொல். அதற்கு எந்தச் சோதனையும் கிடையாது, விவாதமும் கிடையாது. நிரலின் ஒரு வரியை மாற்றினால் பத்துக் கேள்வி கேட்போம். நிரல் எதைப் பற்றிப் பேசலாம், எதைப் பற்றிப் பேசக்கூடாது என்பதை மாற்றினால் யாரும் கேட்பதில்லை. அது வீட்டைப் பெருக்குவது மாதிரியான வேலை என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம்.

3

நான் மேனேஜருக்கு அனுப்பிய வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்க்கிறேன். ‘லாக்ல எதுவும் இல்ல.’ அது பொய்யா? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. லாக்கில் உண்மையிலேயே எதுவும் இல்லை. ஆனால் அதற்கடுத்த வாக்கியத்துக்கு, ‘சிஸ்டம் சரியாத்தான் இருக்கு’ என்பதற்கு, நான் எந்த வழியாகப் போய்ச் சேர்ந்தேன்?

இந்தக் கேள்வியை நம் ஊர்த் தத்துவவாதிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தரையில் பானை இல்லை என்பது எனக்கு எப்படித் தெரிகிறது? கண்ணால் தரையைப் பார்க்கலாம். ‘இல்லாத பானை’யைக் கண்ணால் பார்க்க முடியுமா? குமாரில பட்டரின் வழிவந்த மீமாம்சகர்களும் அத்வைதிகளும் இதற்கென்றே தனியாக ஓர் அறிவு வழியைச் சொன்னார்கள். அதற்கு அனுபலப்தி என்று பெயர்: காணப்படாமையால் இன்மையை அறிவது. நியாயவாதிகள் அதெல்லாம் தனி வழி இல்லை, காட்சியிலேயே அடங்கும் என்று மறுத்தார்கள். மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் வைதிகவாதி அடுக்குகிற அளவைகளில் அபாவமும் ஒன்றாக வருகிறது. ஆக, ‘இல்லை’ என்று சொல்வதற்கும் ஒரு இலக்கணம் வேண்டும் என்பது இந்த மண்ணில் பழைய சங்கதி.

அந்த இலக்கணத்தில் முக்கியமான ஒரு நிபந்தனை இருக்கிறது. அந்தப் பொருள் இருந்திருந்தால் கட்டாயம் கண்ணில் பட்டிருக்கும் என்ற நிலை இருக்க வேண்டும். வெளிச்சம் வேண்டும், கண் சரியாக இருக்க வேண்டும், பொருள் காணத் தக்கதாக இருக்க வேண்டும். இருட்டறையில் நின்றுகொண்டு ‘பானை தெரியவில்லை, ஆகவே பானை இல்லை’ என்று சொல்ல முடியாது. பௌத்தரான தர்மகீர்த்தி இதற்குப் பிசாசை உதாரணம் காட்டுவார். பிசாசு இயல்பிலேயே கண்ணுக்குத் தெரியாதது என்றால், அது தெரியவில்லை என்பதை வைத்து இங்கே பிசாசு இல்லை என்று நிரூபிக்க முடியாது.

நான் செய்தது இதைத்தான். அறைக்குள் விளக்கை நானே அணைத்தேன். ஒன்றிரண்டு மாதம் கழித்து அதே அறைக்குள் எட்டிப் பார்த்து, ஒன்றும் தெரியவில்லை, அதனால் ஒன்றும் இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். விளக்கை அணைத்தது அந்தப் பத்து நிமிஷத்தில் எனக்கு ஞாபகத்துக்கே வரவில்லை. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்துகிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால்கூட எங்கேயாவது உறுத்தியிருக்கும்.

அணைத்ததே தெரியாத விளக்குகளும் உண்டு. பைதானில் ஓர் அமைப்புக் கோப்பை ஏற்றினால், அதற்கு முன்பே உருவாகியிருந்த லாகர்களை, அந்தக் கோப்பில் பெயர் சொல்லிக் குறிப்பிடாத பட்சத்தில், அது பேச்சற்றவையாக்கிவிடும். ‘டிசேபிள் எக்ஸிஸ்டிங் லாகர்ஸ்’ என்ற அமைப்பு, நாம் தொடாவிட்டால், ஆம் என்றே இருக்கும். பழைய நிரல்கள் கெடக்கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அனுபவமுள்ளவர்களே இதில் மாட்டிக்கொண்டு அரை நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நிரல் ஓடுகிறது, வேலை நடக்கிறது, ஒரு பகுதி மட்டும் ஊமை. ஊமையாகிவிட்டது என்று சொல்வதற்கும் ஒரு வரி வராது. மௌனம் தன்னைப் பற்றி எதுவும் எழுதி வைப்பதில்லை.

4

என் கதையில் 6,450 ரூபாய். இதே கதை ஒரு தேசத்தின் அளவுக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பிரிட்டன் ஓர் உதாரணம்.

அங்கே ஊருக்கு ஊர் இருக்கும் சிறிய அஞ்சலகங்களைத் தனிநபர்கள் ஒப்பந்தத்தில் நடத்துவார்கள். பெரும்பாலும் ஒரு மளிகைக்கடை, அதன் ஒரு மூலையில் அஞ்சலகக் கவுன்டர். 1999லிருந்து இவர்கள் எல்லோரும் ஹொரைசன் என்ற கணினி அமைப்பில் கணக்கு வைக்க வேண்டியதாயிற்று. அதைக் கட்டிப் பராமரித்தது ஃபுஜிட்சு. சீக்கிரமே ராத்திரிக் கணக்கு முடிக்கும்போது பலருக்குப் பணம் குறைந்தது. உதவி எண்ணுக்குக் கூப்பிட்டால், வேறு யாருக்கும் இந்தப் பிரச்சினை இல்லையே என்ற பதிலைப் பலர் கேட்டிருக்கிறார்கள். குறைந்த பணத்தைக் கைக்காசு போட்டுக் கட்டினார்கள். வீட்டை அடமானம் வைத்தார்கள். கட்ட முடியாதவர்கள் மீது திருட்டு, பொய்க்கணக்கு என்று வழக்குகள். மொத்தம் 900 பேருக்கும் மேல் தண்டிக்கப்பட்டார்கள். 2010இல் சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணுக்கு 15 மாதச் சிறைத் தண்டனை விதித்தபோது அவர் கர்ப்பிணி. கணினித் தரவுகளைக் கொடுங்கள் என்று அவர் தரப்பு கேட்டுக்கொண்டே இருந்தது. பதினோரு வருஷம் கழித்து, 2021 ஏப்ரலில், மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் உட்பட 39 பேரின் தண்டனையை ரத்து செய்தது. 2024இல் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரின் தண்டனையை ரத்து செய்ய நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது.

ஹொரைசனில் இருந்த பிழைகளில் ஒன்றைப் படித்தபோது எனக்கு மூச்சு நின்றது. 2015இல் டால்மெலிங்டன் என்ற ஸ்காட்லாந்து ஊரில், 8,000 பவுண்டு பணம் வந்து சேர்ந்ததைப் பதியும்போது திரை நகராமல் நின்றது. ஊழியர் மறுபடி மறுபடி பொத்தானை அழுத்தினார். நான்கு தடவை பதிவானது. கணக்கில் 24,000 பவுண்டு குறை. எங்கள் சர்வரின் அதே பிழை, வேறு ஊர், வேறு நாணயம்.

ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது பிழையைப் பற்றி அல்ல. பதிவைப் பற்றி. 555 பேர் சேர்ந்து தொடுத்த வழக்கில் 2019 டிசம்பரில் நீதிபதி பீட்டர் ஃப்ரேசர் கொடுத்த தீர்ப்பில் ஒரு விவரம் வருகிறது. ஃபுஜிட்சுவின் பொறியாளர்கள் தொலைவிலிருந்தே அஞ்சலகங்களின் கணக்குக்குள் நுழைந்து, நடத்துபவருக்குத் தெரியாமல் மாற்றம் செய்ய முடியும். அப்படி முடியவே முடியாது என்று அஞ்சல் நிறுவனம் பல வருஷம் சாதித்தது. சரி, அப்படி நுழைந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறதா? 2015 ஜூலை வரைக்கும் அந்த உயர் அனுமதிக் கணக்குகளின் லாக்கில் உள்ளே வந்தது, வெளியே போனது, இவ்வளவுதான் எழுதப்பட்டது. உள்ளே இருந்தபோது என்ன செய்தார்கள் என்பது எழுதப்படவில்லை.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு மூலையில் கவுன்டர் நடத்துகிறவர் விற்ற ஒவ்வொரு அஞ்சல் தலையும், வாங்கிய ஒவ்வொரு பவுண்டும் தணிக்கைக்காகப் பத்திரமாகச் சேமிக்கப்பட்டது. நீதிமன்றத்தில் அவருக்கு எதிராக எடுத்து நீட்டப்பட்டது. அவருடைய கணக்குக்குள் நுழைந்து மாற்றும் அதிகாரம் இருந்தவர்களின் கைகளுக்கு மட்டும் லாக் இல்லை. எந்த மீட்டிங்கிலும் யாரும் உட்கார்ந்து ‘நம்மைக் காப்பாற்றிக்கொள்வோம்’ என்று திட்டம் போட்டிருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை. யாரோ ஒருத்தர் ஓர் அமைப்பைப் போதும் என்று விட்டிருக்கலாம். நான் விட்ட மாதிரி.

இங்கிலாந்துச் சட்டத்தில் இன்னொரு சங்கதியும் சேர்ந்துகொண்டது. கணினி தரும் சான்றை முன்வைக்கிறவர்தான் அது ஒழுங்காக வேலை செய்தது என்று காட்ட வேண்டும் என்று முன்பு ஒரு விதி இருந்தது. 1999இல் இயற்றிய சட்டம் அதை நீக்கியது. அதற்குப் பிறகு, மாறாகக் காட்டாதவரை கணினி சரியாகத்தான் இயங்கியது என்பதே அனுமானம். மாறாகக் காட்ட வேண்டியவர் மளிகைக்கடைக்காரர். காட்டுவதற்குத் தேவையான லாக் இருந்ததோ எதிர்த்தரப்பின் பக்கம், அதுவும் பாதிதான் எழுதப்பட்டிருந்தது.

5

குற்ற உணர்ச்சி ஒரு நல்ல ஆலோசகர் இல்லை. இரட்டைப் பதிவைக் கண்டுபிடித்த வாரத்தில் நான் எல்லா லாகரையும் டீபக்குக்கு மாற்றினேன். இனிமேல் எதுவும் விட்டுப்போகக் கூடாது, ஒவ்வொரு அசைவும் எழுதப்பட வேண்டும் என்ற வெறி. டிஸ்க் நிரம்பினால் நிரம்பட்டும்.

காஞ்சிபுரத்தில் சித்திரகுப்தருக்குக் கோயில் இருக்கிறது. ஒரு கையில் எழுத்தாணி, இன்னொரு கையில் ஏடு. சித்ரா பௌர்ணமிக்குக் கூட்டம் தள்ளும். சின்ன வயதில் பாட்டி சொன்னதில் எனக்குப் பதிந்தது ஒன்றுதான்: அவர் எதையும் விடமாட்டார், மனசுக்குள் நினைத்ததைக்கூட எழுதிவிடுவார். அந்த இரண்டு வாரம் நான் எங்கள் சர்வரைச் சித்திரகுப்தராக்கிவிட்டதாக நினைத்தேன்.

இரண்டாவது வாரம், புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண் லாக்கைப் படித்துக்கொண்டிருந்தவள் திரும்பி, “அண்ணா, இந்தக் கடைக்கார அம்மாவுக்குப் பாவம், நாலு எடத்துல கடன் இருக்கு போல” என்றாள். அவள் தப்பாக எதுவும் செய்யவில்லை. நான் கொடுத்த வேலையைத்தான் செய்தாள். எழுந்து போய்ப் பார்த்தேன். டீபக் வரிகளில் ஆதார் எண், கைபேசி எண், ஓடிபி, வீட்டு முகவரி, வேறு இடங்களில் வாங்கிய கடன் விவரம், எல்லாம் பச்சையாகக் கிடந்தன. அந்தக் கோப்பை எங்கள் அலுவலகத்தில் யார் வேண்டுமானாலும் திறக்கலாம். ஒரு ஏஜென்ட்டுக்குச் செய்த அநியாயத்துக்குப் பரிகாரம் தேடப் போய், ஆயிரக்கணக்கான கடைக்காரர்களின் துணியை உருவித் திண்ணையில் போட்டிருந்தேன்.

இதிலும் நான் தனி ஆள் இல்லை. 2018 மே மாதம் ட்விட்டர் தன்னுடைய 33 கோடிப் பயனர்களிடம் கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டது. கடவுச்சொற்களை உருமாற்றிச் சேமிக்கும் ஏற்பாடு அவர்களிடம் ஒழுங்காகவே இருந்தது. ஆனால் உருமாற்றம் முடிவதற்கு முன்பே ஒரு பிழையால் அவை உள் லாக் ஒன்றில் அப்படியே எழுதப்பட்டுக்கொண்டிருந்தன. பெட்டகத்துக்கு நல்ல பூட்டுப் போட்டிருந்தார்கள். உள்ளே வைத்த பொருட்களின் பட்டியலை மட்டும் வாசலில் ஒட்டியிருந்தார்கள்.

நம் நாட்டிலும் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் அமைப்பு, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதற்கு நல்ல காரணம் உண்டு. ஊடுருவல் நடந்து பல மாதம் கழித்துத்தான் பெரும்பாலும் தெரிய வருகிறது. ஆனால் எத்தனை நாள் என்பது பாதிக் கேள்விதான். யாரைப் பற்றி, எதை என்பது மீதி.

சித்திரகுப்தரைப் பற்றி நான் யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. அவர் எழுதுவதை எல்லோரும் படிப்பதில்லை. அவருக்கு ஒரே ஒரு வாசகர். அந்த வாசகரும் தீர்ப்புச் சொல்வதற்கு மட்டும்தான் படிப்பார், வேடிக்கை பார்க்க இல்லை. எங்கள் லாக்குக்கு அப்படி ஒரு யமன் கிடையாது.

6

அப்படியானால் எதை எழுதுவது, எதை விடுவது? குறைவாக எழுதினால் ஒருவருக்கு நியாயம் கிடைக்காது. நிறைய எழுதினால் இன்னொருவரின் மானம் போகும். நடுவில் ஒரு எண்ணைப் பிடித்து இதுதான் சரியான படி என்று சொல்ல முடியுமா? முடியாது என்றுதான் நினைக்கிறேன். படியை ஏற்றி இறக்குவதில் விடை இல்லை. எந்தப் பக்கம் வெளிச்சம் அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஹொரைசனிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதுதான். முடிவெடுக்கிற கையைப் பற்றி நிறைய எழுது, முடிவுக்கு ஆளாகிறவரைப் பற்றித் தேவையான அளவு மட்டும் எழுது. எங்கள் சர்வர் ஒரு பதிவை ஏற்கிறதா, தள்ளுகிறதா, இரண்டாவது தடவை வந்ததாகச் சந்தேகப்படுகிறதா, ஒரு பொறியாளர் நேரடியாகத் தரவுத்தளத்தில் கை வைத்தாரா, அப்போது என்ன மாற்றினார், ஏன்? இவை ஒவ்வொன்றும் எழுதப்பட வேண்டும், எந்த பில் வந்தாலும். கடைக்காரரின் ஆதார் எண் எழுதப்பட வேண்டியதில்லை. அவருக்கான ஓர் உள் எண் போதும். வழக்கமாக நாம் செய்வது நேர் தலைகீழ். பலவீனமானவரைப் பற்றி எல்லாம் தெரியும், பலம் உள்ளவர் வந்து போனது மட்டும்தான் தெரியும்.

இன்னொன்று, லாக்கின் அமைப்பை மாற்றினால் அந்த மாற்றமே லாக்கில் முதல் வரியாக வரும்படி செய்தேன். இன்ன தேதியிலிருந்து வார்னிங் எழுதப்படாது, மாற்றியவர் இன்னார் என்று. பிறகு ஒருநாள் யாராவது அந்தக் கோப்பைத் திறந்து ஒன்றும் இல்லை என்று சொல்லப் போகும்போது, விளக்கு அணைந்திருந்தது என்பது அவர் கண்ணில் படும். சொல்கிற வாக்கியமும் மாறும். ‘லாக்ல எதுவும் இல்ல’ என்பதற்குப் பதிலாக ‘இத நாம எழுதி வைக்கல, அதனால எனக்குத் தெரியாது’ என்று சொல்ல வேண்டிவரும். சொல்லக் கூச்சமாக இருக்கும். அந்த வியாழக்கிழமை நான் இப்படிச் சொல்லியிருந்தால், ஒருவரின் சம்பளத்தைப் பிடிப்பதற்கு முன்னால் யாராவது ஒருத்தர் தயங்கியிருப்பார்.

‘இதெல்லாம் ரொம்ப ஓவர், ஒரு அமைப்புக் கோப்புக்குப் போய் இவ்வளவு அறமா?’ என்று நண்பர் ஒருவர் கேட்டார். நான் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை, மேலே இருந்து சொன்னதைச் செய்தேன், அது உண்மைதான். ஆனால் ஒரு மனிதர் ‘நான் எடுக்கல’ என்று சொன்னார், ஓர் இயந்திரம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் எல்லோருக்கும் இயந்திரத்தின் மௌனம் மனிதரின் சொல்லைவிடப் பெரிய சாட்சியாகத் தெரிந்தது. அந்த மௌனத்தைச் செய்தவன் நான் என்று எனக்கு மட்டும்தான் தெரிந்திருக்க முடியும்.

தரவுத்தளத்தைத் தோண்டியதில் 11 ஏஜென்ட்டுகளின் கணக்கில் இதே மாதிரி பதிவுகள் கிடைத்தன. மேனேஜரிடம் கொண்டுபோனேன். “போனவங்களுக்கெல்லாம் இப்ப எதுக்கு? புதுசா யாராவது கேட்டா பாத்துக்கலாம்” என்றார் முதலில். எழுத்தில் அனுப்பினேன், அவருக்கும், அந்தக் கடன் கம்பெனிக்கும். மூன்று மாதம் இழுத்தார்கள். பணம் திரும்பிப் போனது. மன்னிப்பு என்ற சொல் எந்தக் கடிதத்திலும் இல்லை, ‘கணக்குச் சரிசெய்தல்’ என்றுதான் இருந்தது.

கடலூர்க்காரருக்கு நானே போன் செய்தேன். யார் என்று சொல்லி, நடந்ததைச் சொல்ல ஆரம்பித்ததும் இடைமறித்தார்.

“பணம் வந்துருச்சு தம்பி. பேங்க்ல மெசேஜ் வந்துச்சு.”

“உங்க மேல தப்பு இல்லண்ணே. அது சர்வர்ல…”

“நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியும் தம்பி. உங்களுக்குத்தான் தெரியாமப் போச்சு.” கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் வண்டிகளின் இரைச்சல். “வீட்லதான் கொஞ்சம்… அவ நம்பல. செலவு பண்ணிட்டு மறைக்கிறேன்னு நெனச்சா. இப்ப இந்த மெசேஜக் காட்டிருக்கேன்.”

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் நின்றேன்.

“அந்த மாசம் கணக்கப் பாத்தது யாரு தம்பி?”

“நான்தாண்ணே.”

“ம்” என்றார். பிறகு, “சரி, பங்க்குல வண்டி நிக்குது, பெட்ரோல் போடணும்” என்று வைத்துவிட்டார்.